பிறர் மூச்சை அளப்பது

1

இன்னொருவன் வேதனையை நான் அறிய முடியுமா என்ற கேள்வியை நாம் பலமுறை விவாதித்திருக்கிறோம். பெரும்பாலும் டீக்கடை பெஞ்சில், யாருடைய கவிதையையாவது சாக்காக வைத்துக்கொண்டு. முடியும் என்ற கட்சியில்தான் நான் எப்போதும் இருந்திருக்கிறேன். முடியாது என்றால் இலக்கியம் என்று ஒன்று எதற்கு என்பது என் வாதம். என் அனுபவத்துக்குள் போதிய ஆழம் இறங்கினால் அங்கே மற்றவனையும் சந்திப்பேன். எழுதுகிறவனுக்கு இதைவிட்டால் வேறு உபகரணம் கிடையாது என்று சொல்லி வந்தேன். இதை ஒட்டியே இன்னொன்றும் சொல்லி வந்தேன். விதி, பயிற்சி, செய்முறை எல்லாம் உணர்வு வற்றிப்போனவர்களுக்கு ஏற்பட்டவை என்று. நாள் முழுக்க வங்கியில் விதிகளோடு உட்கார்ந்திருப்பவன் சாயங்காலத்தில் இப்படிப் பேசுவதில் ஒரு பழிவாங்கும் திருப்தியும் இருந்திருக்கலாம்.

இந்த இரண்டு நம்பிக்கைகளையும் ஒரு நர்ஸ் நடத்திய அரை மணி நேர வகுப்பு ஆட்டிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கு நடந்த வகுப்பு அது. கழுத்திலோ வாயிலோ குழாய் போட்டிருக்கும் நோயாளியின் மூச்சுக்குழாயிலிருந்து சளியை எப்படி உறிஞ்சி எடுப்பது என்பது பாடம். ஆஸ்பத்திரியில் இதைச் 'சக்ஷன் போடுவது' என்கிறார்கள். நானும் என் அம்மாவும் அந்த வகுப்பில் மாணவர்களாக உட்கார நேர்ந்தது. ஒரு தார்மீகப் பிரச்னையை இவ்வளவு துல்லியமாக யாரும் என் முன் வைத்து நான் பார்த்ததில்லை. வைத்தவருக்கு அது தார்மீகப் பிரச்னை என்ற நினைப்பே இல்லை.

2

எங்கள் பக்கத்தில் தலையில் அடிபட்டவர்களை வடக்கே கொண்டுபோவார்கள். ஓசூரைத் தாண்டியதும் அத்திப்பள்ளி எல்லை. அதன் பிறகு பெங்களூர் வரை சாலையின் பெயரே ஓசூர் ரோடுதான். நிம்ஹான்ஸும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக வரும் நெடுஞ்சாலையில் லாரிகள் இரவு பகல் என்று பார்ப்பதில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு காலையில் மொபெட்டில் போய்க்கொண்டிருந்த என் அப்பாவை அப்படி ஒரு லாரி உரசிவிட்டுப் போயிற்று. எல்லைக்கு அப்பால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதலில் வாய் வழியாகக் குழாய். பதினோராம் நாள் கழுத்தில் துளையிட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள்.

அப்பா சிப்காட்டில் லேத் ஓட்டி ரிடையரானவர். மார்க்கெட்டில் தெலுங்கும், கம்பெனி பஸ்ஸில் கன்னடமும், வீட்டில் தமிழும் பேசுவார். ஓசூரில் இது விசேஷமில்லை. கழுத்தில் குழாய் வைத்த பிறகு மூச்சுக்காற்று குரல்வளைக்குக் கீழேயே வெளியேறிவிடுகிறது. மூன்று மொழியும் ஒரே நாளில் போயின. மிஞ்சியது கண்களும், வலது கையில் ஓரளவு அசைந்த இரண்டு விரல்களும்.

சாதாரணமாக நம் மூக்கு காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தி உள்ளே அனுப்புகிறது. சேரும் சளியை இருமல் வெளியே தள்ளிவிடுகிறது. குழாய் வைத்தவருக்கு மூக்கின் வேலை நடப்பதில்லை, இருமலும் பலவீனமாகிவிடுகிறது. சளி கெட்டியாகிக் குழாயை அடைத்துக்கொண்டால் சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும். எனவே மெல்லிய கதீட்டர் ஒன்றைக் குழாய்க்குள் விட்டு, இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கதீட்டரின் மேல்பகுதியில் பக்கவாட்டில் ஒரு துவாரம் இருக்கும். உள்ளே விடும்போது அது திறந்திருக்க வேண்டும். வெளியே இழுக்கும்போது மட்டும் கட்டைவிரலால் அதை மூடினால் உறிஞ்சும்.

இயந்திரத்துக்குச் சளி எது, காற்று எது என்று தெரியாது. சளியை இழுக்கும் ஒவ்வொரு கணமும் நோயாளியின் நுரையீரலில் இருக்கும் கொஞ்சம் பிராணவாயுவையும் அது இழுத்துக்கொண்டிருக்கிறது. அதிக நேரம் இழுத்தால் நுரையீரலின் சிறு அறைகள் சுருங்கிப்போகலாம். கதீட்டர் உள்சுவரில் இடித்தால் ரத்தம் வரும். அங்கே ஓடும் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு சட்டென்று குறையலாம்; நின்றுபோனதும் உண்டு. தலையில் அடிபட்டவருக்கு மூளையின் அழுத்தம் ஏறும். உயிரைக் காப்பாற்றும் காரியமும் மூச்சைத் திணறடிக்கும் காரியமும் ஒரே கையின் ஒரே அசைவில் நடக்கின்றன. இரண்டையும் பிரிப்பது அளவு ஒன்றுதான்.

அந்த அளவுகளை நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கதீட்டரின் பருமன் குழாயின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. 8 மில்லிமீட்டர் குழாய்க்கு 12ஆம் எண் கதீட்டர், அதாவது 4 மில்லிமீட்டர். பாதிக்கு மேல் அடைத்தால் சுற்றிலும் காற்று இறங்க வழியில்லை. உறிஞ்சும் அழுத்தம் பெரியவர்களுக்கு 80லிருந்து 120 மில்லிமீட்டர் பாதரச அளவு. 150ஐ வரம்பாகச் சொல்பவர்கள் உண்டு. எது வேலைக்குப் போதுமோ அந்தக் குறைந்த அளவே சரி. ஒரு முறைக்கு 15 வினாடிக்கு மேல் கூடாது. அமெரிக்க சுவாச சிகிச்சைச் சங்கம் 2010ல் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் இதைச் சொல்வதோடு, சளி இருந்தால் மட்டும் செய், மணிக்கணக்கு வைத்து வழக்கமாகச் செய்யாதே என்றும் சொல்கின்றன. சளி இளகட்டும் என்று ஒவ்வொரு முறையும் உப்புநீர் ஊற்றும் பழைய வழக்கத்தையும் வேண்டாம் என்கின்றன. அப்படியும் அந்த வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கைக்குப் பழகியது லேசில் போவதில்லை.

3

அப்பாவைக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று ஆனபோது, வீட்டில் இரண்டு பேராவது சக்ஷன் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்தப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த சிஸ்டர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். புது நர்ஸ்கள் நான்கு பேருக்கு ஏற்கனவே வகுப்பு வைத்திருந்தார். 'நீங்களும் வந்து உக்காருங்க சார், அம்மாவையும் கூட்டிட்டு வாங்க' என்றார். ஒரு சிறிய அறை. மேஜைமேல் கழுத்தோடு ஒரு ரப்பர் தலை. அதில் ஒரு குழாய்.

கதீட்டரைத் தொடுவதற்கு முன்னால் அவர் சொன்னது: 'எல்லாரும் மூச்சைப் பிடிங்க. யாருக்கு முடியலையோ கையைத் தூக்குங்க.' தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வினாடிக்கு முன்பே கையைத் தூக்கிவிட்டாள். நான் நாற்பதை நெருங்கினேன். கெலமங்கலத்துப் பெண் ஒருத்தி ஐம்பதைத் தாண்டியும் அசையவில்லை.

'இப்ப சொல்லுங்க. இதுல யார் மூச்சு சரியான அளவு?'

யாரும் பேசவில்லை.

'எங்களுக்குப் பழைய சிஸ்டருங்க இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. குழாயை உள்ள விடும்போது நீயும் மூச்சைப் பிடிச்சுக்கோ. உனக்கு எப்ப மூச்சு வேணுமோ அப்ப அவருக்கும் வேணும், வெளிய எடுத்துடுன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ காலையில இட்லி சாப்பிட்டுட்டு ஹாஸ்டல்லேருந்து நடந்து வந்திருக்கே. உன் நெஞ்சு நிறைய காத்து இருக்கு. அவர்கிட்ட இருக்கிறதே கொஞ்சம், அதையும் நீ உறிஞ்சிக்கிட்டு இருக்கே. உன் மூச்சை வெச்சு அவர் மூச்சை அளந்தா அவர் போயிடுவாரு. பத்து செகண்டு. போனாப் பதினஞ்சு. உனக்கு எப்படித் தோணுதுங்கிறது கணக்கிலேயே இல்லை.'

பிறகு இரண்டு இரண்டு பேராக நிறுத்தினார். ஒருத்தி கதீட்டரைப் பிடிக்க வேண்டும். மற்றவள் கடிகாரத்தைப் பார்த்து வாய்விட்டு எண்ண வேண்டும். பிடிப்பவள் ரப்பர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 'மணியை அவ பாத்துக்குவா. நீ முகத்தைப் பாரு.' ரப்பர் முகத்தில் என்ன தெரியும் என்று ஒரு பெண் கேட்டாள். 'ஒண்ணும் தெரியாது. பாக்கிற பழக்கம் வரட்டும்னுதான்' என்றார் சிஸ்டர்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்று நான் கேட்டேன். வங்கிக்காரனுக்கு இப்படித்தான் கேட்கத் தெரியும். அவர் சொன்ன பதில்: 'மணி எவ்வளவு நேரம்னு சொல்லும் சார். எப்பன்னு சொல்லாது. எப்பங்கிறதை அப்பாவே சொல்வாரு. நெஞ்சுல கை வெச்சுப் பாருங்க. கரகரன்னு இருந்தாப் போடுங்க, இல்லேன்னா சும்மா விடுங்க.'

4

மூச்சைப் பிடித்துப் பார்க்கும் அந்தப் பழைய யுக்திதான் என் இலக்கியக் கொள்கை என்பது வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு உறைத்தது. என் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிறன் மூச்சை அறிவது. அதில் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தன்னையே சிரமப்படுத்திக்கொண்டு மற்றவன் பக்கம் சாய்கிற காரியம் அது. ஆனாலும் அதன் அளவு தவறு. தவறுக்குக் காரணம் அன்பின் குறைவு இல்லை; அளவுகோல் நானாக இருப்பதுதான். ஆரோக்கியமானவனின் கருணை, தன் ஆரோக்கியத்தையும் மற்றவன்மேல் ஏற்றிவிடுகிறது.

விட்கன்ஸ்டைன் 1953ல் வெளிவந்த தன் 'தத்துவ ஆய்வுகள்' நூலில் இந்த இடத்தைத் தொடுகிறார். வலி என்றால் என்ன என்பதை என் ஒருவனிடமிருந்து மட்டுமே அறிகிறேன் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே உதாரணத்தை எப்படி இவ்வளவு பொறுப்பில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக்குகிறேன் என்பது அவர் எழுப்பும் கேள்வி. அதில் 'பொறுப்பில்லாமல்' என்ற அம்சத்தை நான் முன்பு கவனித்ததில்லை. அறிவு பற்றிய புதிர் என்று வாசித்தேன். ஒழுக்கம் பற்றிய கண்டனமாகவும் அதை வாசிக்க இடமிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவர் கேம்பிரிட்ஜை விட்டுவிட்டு லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் மருந்து தூக்கிக்கொண்டு போகும் சிப்பந்தியாக வேலை பார்த்தார். பிறகு நியூகாஸிலில், காயம்பட்டவர்களின் அதிர்ச்சி நிலையை ஆராய்ந்த குழுவில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து, நாடித்துடிப்பையும் மூச்சையும் பதிவுசெய்யும் கருவியில் ஈடுபட்டார். பிறர் மூச்சை அளக்கும் கருவியோடு அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இப்போது அர்த்தமுள்ளதாகப் படுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு குறள் இருக்கிறது. இன்னாசெய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர், பிற உயிரின் நோயைத் தன் நோய்போலக் கொள்ளாவிட்டால் அறிவினால் என்ன பயன் என்று கேட்கிறார். என் பழைய கட்சிக்கு இதையே ஆதாரமாகக் காட்டி வந்திருக்கிறேன். திரும்ப எடுத்துப் பார்த்தபோது வினைச்சொல் என்னைத் தடுத்தது. அவர் உணர்தல் என்று சொல்லவில்லை, போற்றுதல் என்கிறார். பரிமேலழகரும் அதற்குக் காத்தல் என்றே பொருள் கொள்கிறார். பிறர் நோய் என் நோய்போல எனக்கு வலிக்க வேண்டும் என்று இங்கே சொல்லப்படவில்லை. என் நோயை நான் எவ்வளவு ஜாக்கிரதையாகக் கவனித்துக்கொள்வேனோ, அவ்வளவு ஜாக்கிரதை அதற்கும் வேண்டும். உவமை வலிக்கு இல்லை, ஜாக்கிரதைக்கு. இது குறளின் ஒரே அர்த்தம் என்று நான் சாதிக்கப்போவதில்லை. ஆனால் சிஸ்டர் சொன்னதோடு இந்த அர்த்தம் பொருந்துகிறது. நான் இத்தனை காலம் சொல்லிவந்தது பொருந்தவில்லை.

5

இதையெல்லாம் புரிந்துகொண்ட பிறகும் நான் தவறு செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

வாடகைக்கு எடுத்த சக்ஷன் இயந்திரம், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். இரவு இரண்டு மணி. அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லாமல் நான் மட்டும் எழுந்து கையுறை போட்டுக்கொண்டேன். எண்ணுவதற்கு ஆள் இல்லை. நானே மனசுக்குள் எண்ணிக்கொள்ளலாம் என்று தொடங்கினேன். சளி வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான், இதையும் எடுத்துவிட்டால் விடியும்வரை நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்தேன். எண்ணிக்கை எந்த இடத்தில் நின்றதென்று எனக்குத் தெரியாது. இரண்டு விரல்களும் படுக்கை விரிப்பைத் தட்டின. அவை தட்டுவதைப் பார்த்தேன். பார்த்தும், இதோ முடிந்துவிட்டது என்று இன்னும் ஒரு கணம் இழுத்தேன். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தபோது உதடு நிறம் மாறியிருந்தது.

கதீட்டரை உருவிவிட்டு, பிராணவாயுக் குழாயை வைத்து, அம்மாவைக் கூப்பிட்டேன். நிறம் திரும்ப ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை.

அன்றிரவு என்னை இயக்கியது அலட்சியமா என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை. முடிக்க வேண்டும் என்ற ஆசை. வங்கியில் மாலையில் கணக்கு நேராகாமல் கேஷியர் வீட்டுக்குப் போக முடியாது; பத்து ரூபாய் இடித்தாலும் உட்கார்ந்து தேட வேண்டும். பத்து வருஷத்துக்கும் மேலாக அதில் ஊறியவன் நான். 15 வினாடி என்ற விதி அதற்கு நேர் எதிராக இருக்கிறது. சளி மீதி இருக்கிறது என்று தெரிந்தே வெளியே வா என்கிறது. வேலை பாதியில் இருக்கட்டும், அவர் மூச்சு விடட்டும், பிறகு திரும்பி வா. உதவி செய்கிறவனுக்குத் தன் உதவி பூர்த்தியாக வேண்டும் என்ற பேராசை உண்டு. அந்தப் பேராசை நல்ல எண்ணத்தின் வேஷத்திலேயே வருவதால் அவனால் அதை அடையாளம் காண முடிவதில்லை. கடிகாரம் அவனைத் தடுத்து நிறுத்துவது அந்த இடத்தில்தான்.

எனக்கு வாய்த்த இந்தத் தவறு ஒவ்வொரு புது நர்ஸுக்கும் ஏதோ ஒரு கட்டிலருகே வாய்க்கிறது. ரப்பர் தலை இருமாது, நீலமாகாது, விரலால் தட்டாது. எவ்வளவு பழகினாலும் முதல் நிஜ உடம்பு என்று ஒன்று வந்தே தீரும், அது யாரோ ஒருவருடையதாக இருந்தே தீரும். ஒருவரின் துன்பத்தின்மேல் இன்னொருவர் கற்றுக்கொள்வது நியாயமா என்று கேட்டால் சுலபமான பதில் என்னிடம் இல்லை. நியாயமில்லை என்றால் கற்றவர் யாருமே இருக்கமாட்டார்கள்.

தீவிர சிகிச்சை என்ற ஏற்பாடே இந்தக் கடனில்தான் தொடங்கியது. 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சுத்தசைகள் செயலிழந்தவர்கள் வரிசையாக இறந்துகொண்டிருந்தார்கள். ப்யோர்ன் இப்ஸன் என்ற மயக்கமருந்து மருத்துவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, சளியை உறிஞ்சி எடுத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தலாம் என்று ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் காட்டினார். அந்த முதல் முயற்சியிலேயே அவள் போய்விடுவாள் என்ற நிலை வந்து, பிறகு தேறினாள். அதன்பின் பைகளை அமுக்கக் கைகள் வேண்டியிருந்தன. சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, மாதக்கணக்கில், இரவும் பகலும் அமுக்கினார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 80க்கும் மேல் இருந்த இறப்பு 40 அளவுக்கு இறங்கியது. அந்த மாணவர்கள் யாரும் தேர்ந்தவர்கள் அல்ல. படித்துக்கொண்டிருந்தவர்கள்; பை அமுக்கும் கையின் பதம் நோயாளியின் உடம்பிலிருந்தே அவர்களுக்குக் கிடைத்தது.

என் கவுண்டருக்கு தளி, அஞ்செட்டி, கெலமங்கலம் பக்கத்துப் பெண்களின் கல்விக்கடன் விண்ணப்பங்கள் வருகின்றன. பெரும்பாலும் நர்ஸிங், பெங்களூர்க் கல்லூரிகள். ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை. தகப்பனார் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவார், சில சமயம் கைநாட்டு. முன்பெல்லாம் அந்தப் படிவங்களில் நான் தொகையையும் தவணையையும்தான் பார்த்தேன். இப்போது அதில் எழுதப்படாத இன்னொரு கடனும் தெரிகிறது. அந்தப் பெண் படிக்கும் காலத்தில் பேர் தெரியாத சிலர் தங்கள் மூச்சிலிருந்து சில வினாடிகளை அவளுக்குக் கொடுக்கப்போகிறார்கள், சம்மதம் கேட்கப்படாமலே. அதைக் கொடுத்தவரிடம் திருப்பிச் செலுத்த முடியாது. அடுத்து வருபவரிடம்தான் செலுத்தலாம். அதுவும் ஜாக்கிரதையாக மட்டுமே செலுத்தலாம். ரப்பர் முகத்தை உற்றுப் பார்க்கச் சொன்ன சிஸ்டர் அந்தக் கடனின் தொகையை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைக்கப் பார்த்தார் என்று இப்போது புரிகிறது.

6

விதியைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை சொன்ன பிறகு அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அப்பா இருந்த ஆஸ்பத்திரியில் கட்டில் காலடியில் ஒரு சார்ட் தொங்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை சக்ஷன் போட்டதாக அதில் வரிசையாகக் கையெழுத்துகள். சில இரவுகளில் நான் வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கையெழுத்து இருந்த மணியில் யாரும் வரவில்லை. சில சமயம் சளியின் சத்தமே இல்லாதபோது, மணி ஆகிவிட்டது என்று வந்து போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். சார்ட் நிரம்பிவிட்டது, நோயாளியின் நெஞ்சில் யாரும் கை வைக்கவில்லை. வங்கியில் லெட்ஜரோடு வாழ்பவனுக்கு இது புரியாத விஷயமில்லை.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது ஏட்டில் உள்ள கணக்கு. நான் பார்த்த இரவுகளில் ஒருத்தி மூன்று நான்கு கட்டில்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தாள். 2020ல் கொரோனா காலத்தில் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. இயந்திரத்தை உத்தரவு போட்டு வாங்கலாம். அதன் முன் நின்று, எப்போது கையை நீட்டுவது, எப்போது எடுப்பது என்று அறிந்த ஒரு நர்ஸ் உருவாக வருஷங்கள் ஆகும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று கிருஷ்ணகிரியில் வந்திருக்கிறது. எங்கள் பக்கத்து நோயாளிகள் எல்லை தாண்டி ஓடுவது கொஞ்சமாவது குறையலாம். ஆனால் கட்டிடத்தோடு அந்தச் சிஸ்டர் போன்றவர்களும் போதிய எண்ணிக்கையில் வேண்டும். அவர்களுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுக்கும் அவகாசமும் வேண்டும். அது இல்லாத இடத்தில் நர்ஸின் மனசாட்சியைப் பற்றிப் பேசுவது, மூன்று கட்டிலுக்கான குற்றத்தை ஒருத்தி தலையில் கட்டுவதாகும்.

ஆகவே விதி எதிர் உணர்வு என்று நான் போட்டுவைத்திருந்த பிரிவினை நிற்கவில்லை. 15 வினாடி என்பது அதிகாரி ஒருவர் மேஜையில் உட்கார்ந்து போட்ட எண் இல்லை. அதற்கு மேல் போனபோது நீலமானவர்களிடமிருந்து பெறப்பட்ட அறிவு. அந்த வேதனைகளை நான் உணரவில்லை; உணரவும் முடியாது. ஆனால் அந்த எண்ணை மதிக்கும்போது அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். அந்த எண்ணும், எப்போது என்பதற்குப் பதிலாகாது. அதற்கு நெஞ்சில் கை வைக்க வேண்டும். எவ்வளவு என்பதை என்னைவிட்டு வெளியே ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டால்தான் எப்போது என்பதைக் கேட்க எனக்குக் காது மிஞ்சுகிறது. ஒருத்தி எண்ண, மற்றவள் முகத்தைப் பார்க்கும் அந்த ஏற்பாட்டை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

அம்மா இதில் என்னைவிடத் தேர்ந்தவளானாள். அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். எங்கள் ஊரிலேயே செய்த டைட்டன்தான். எண் தெரியும், எழுத்துத் தெரியாது. வினாடி முள் இரண்டைத் தாண்டிப் போகும்போது 'போதும்' என்பாள், பத்து வினாடிக் கணக்கு. மீதி இருக்கிறது என்று நான் சொன்னால், 'இருக்கட்டும், எங்க போகப்போகுது' என்பாள். அந்த இரவுக்குப் பிறகு நான் தனியாகப் போட்டதில்லை.

நாம் எழுதும் விமர்சனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு படைப்பை நம் மூச்சு தாங்கும்வரை இழுத்துப் பார்த்துவிட்டு, அதுதான் அதன் மூச்சு என்று தீர்ப்பெழுதிய சந்தர்ப்பங்கள் எனக்கே உண்டு. ஆனால் அங்கே யாரும் நீலமாவதில்லை என்பதால் ஒப்பீட்டை அதிகம் வளர்த்த எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன்.

ஏழாவது மாதம் குழாயை எடுத்தார்கள். துளை தானாக மூடிக்கொண்டது. குரல் கரகரப்பாகத் திரும்பி வந்தது, முதலில் தெலுங்கில், பக்கத்து வீட்டுக்காரரோடு. அப்பா அதன்பின் இரண்டு வருஷம் இருந்தார். ஒரு நாள் துணிந்து கேட்டேன், சக்ஷன் போடும்போது எப்படி இருந்தது என்று. அந்த இரவைப் பற்றி அவராக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு வழி கிடைக்கும் என்றுகூட இருக்கலாம். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

'ஞாபகம் இல்லைடா' என்றார்.

அவர் மறைத்தாரா, உண்மையிலேயே மறந்துவிட்டாரா என்பதை அறிய எனக்கு வழியில்லை. நான் அறியாமலே அவர் பிழைத்திருந்தார். அதற்குக் காரணம் அம்மா எண்ணியதுதான்.